மனிதனை அறிய முயன்ற வில்லியம் ஜேம்ஸ்

உளவியலைத் துணைப்பாடமாகக் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில் எனக்கொரு பழக்கம் தொற்றிக்கொண்டது. விடுதியில் உடன் தங்கியிருந்த மாணவர்கள் ஒவ்வொருவரையும் கூர்ந்து நோக்கி, அவரவர் இன்ன வகையினர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலானேன். அதிகம் பேசாதவன் அகமுகத்தான். உரக்கச் சிரிப்பவன் புறமுகத்தான். வெளியே கிளம்புமுன் நான்கு முறை கண்ணாடி பார்ப்பவனுக்குத் தாழ்வு மனப்பான்மை. இவ்வாறு 16 பேர் அந்த ஏட்டில் அடங்கினர். ஒருநாள் என் அறை நண்பன் அதனை எடுத்துப் படித்துவிட்டான். சினந்து பேசுவான் என்று அஞ்சினேன். அவனோ ஏட்டை மூடி என் மேசைமேல் வைத்துவிட்டு, இதில் உன்னை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டான். நான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அக்கேள்வி என்னைப் பல நாள் உறுத்தியது. அந்நாள்களில் நூலகத்தில் என் கைக்குக் கிடைத்தது அமெரிக்கப் பேரறிஞர் வில்லியம் ஜேம்ஸின் வரலாறு. உடலியலையும் உளவியலையும் தத்துவத்தையும் ஒரே வாழ்நாளில் கற்பித்தவர் அவர். பாடநூலில் அவர் பெயர் இரண்டு வரிகளில் வந்து போய்விடும். ஆனால் அவருடைய வாழ்க்கை இரண்டு வரிகளில் அடங்குவதன்று.

1842ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள் நியூயார்க் நகரில் ஜேம்ஸ் பிறந்தார். பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். தந்தையார் சிறுவயதில் தீயை அணைக்கப் போய் ஒரு காலை இழந்தவர். சமயச் சிந்தனையில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். 1844இல் இங்கிலாந்தில் குடும்பத்துடன் தங்கியிருந்தபோது, ஒரு மாலை உணவுக்குப்பின் தனியே அமர்ந்திருந்த அத்தந்தையைக் காரணமற்ற பேரச்சம் ஒன்று பற்றிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அறைக்குள் குந்தியிருப்பதாக அவர் உணர்ந்தார். அதிலிருந்து மீள அவருக்கு ஈராண்டுகள் ஆயின. அப்போது மகன் வில்லியம் இரண்டு வயதுக் குழந்தை. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தந்தையார் பிள்ளைகளை ஒரு பள்ளியில் நிலையாகப் படிக்கவிட்டாரில்லை. ஜெனீவா, பாரிஸ், இலண்டன், பான் என்று ஊர் ஊராக அழைத்துச் சென்றார். அவ்வாறு வளர்ந்த மக்கள் ஐவருள் மூத்தவர் வில்லியம். அடுத்தவர் புகழ்பெற்ற நாவலாசிரியரான ஹென்றி ஜேம்ஸ். கடைக்குட்டி ஆலிஸ் என்னும் பெண். ஆலிஸைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வில்லியம் முதலில் ஓவியராக விரும்பி, நியூபோர்ட்டில் வில்லியம் ஹன்ட் என்னும் ஓவியரிடம் பயின்றார். ஓராண்டுக்குள் அதனைக் கைவிட்டார். 1861இல் ஹார்வர்டில் வேதியியலில் சேர்ந்தார். அதையும் விட்டு உடற்கூற்றியலுக்கு மாறினார். 1864இல் மருத்துவத்திற்கு மாறினார். அதற்கும் இடையே, 1865இல், இயற்கை அறிஞர் அகாசியுடன் மீன்களைத் திரட்டுவதற்காக அமேசான் ஆற்றுக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே அம்மை போன்ற நோய் கண்டு, கண்பார்வையும் பாதிக்கப்பட்டுத் திரும்பினார். பாடப்பிரிவை ஒருமுறை மாற்றியதற்கே வீட்டில் வசை வாங்கிய நம் நண்பர்கள் இதைப் படித்து ஆறுதல் கொள்வார்களாக! 1869இல் ஒருவழியாக மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் மருத்துவத் தொழிலில் அவர் இறங்கவே இல்லை.

பட்டம் பெற்ற அந்நாள்களில் அவரே ஒரு நோயாளி. முதுகுவலி, கண்வலி, உறக்கமின்மை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாங்கொணாத மனச்சோர்வு. தற்கொலை எண்ணமும் அவரை நெருங்கியிருந்தது. அச்சோர்வின் வேரில் அக்கால அறிவியலும் இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பளித்த செய்தி. செருமனியில் அவர் கற்ற உடலியல், மனிதனை நரம்புகளின் தொகுதியாகக் காட்டியது. ஒரு தூண்டல் உள்ளே செல்கிறது, ஓர் அசைவு வெளியே வருகிறது. இடையே விருப்பம், முயற்சி என்று நாம் சொல்வனவெல்லாம் வண்டியோடு ஓடும் நிழல் போன்றவை. நிழல் வண்டியை இழுக்காது. இது தேர்வுக்கு எழுதும் விடையாக இருந்தால் கவலையில்லை. இருபத்தெட்டு வயதில் படுக்கையிலிருந்து எழ வலுவில்லாமல் கிடக்கும் ஒருவனுக்கு, எழுவதும் எழாமையும் உன் கையில் இல்லை என்று அறிவியலே சொன்னால் அவன் என் செய்வான்?

இக்காலத்தை ஒட்டியே அந்த நிகழ்ச்சி நடந்தது. ஒருநாள் அந்தி நேரத்தில் எதையோ எடுக்க ஓர் அறைக்குள் நுழைந்தார். திடீரென்று இருளிலிருந்து புறப்பட்டது போல் தம் இருப்பைப் பற்றியே ஓர் அச்சம் அவரைத் தாக்கியது. அதே கணத்தில், மனநோய் விடுதி ஒன்றில் முன்னர் அவர் கண்ட வலிப்பு நோயாளி ஒருவனின் உருவம் மனத்தில் எழுந்தது. கருமயிரும் பச்சை பாய்ந்த தோலும் உடைய இளைஞன். முழங்கால்களை முகவாய்வரை இழுத்துக்கொண்டு நாள் முழுதும் ஒரே பலகையில் பேச்சற்று அமர்ந்திருப்பவன். அவனுக்கு வந்த வேளை தமக்கும் வந்தால், தம்மிடம் உள்ள எதுவும் தம்மைக் காக்காது என்று ஜேம்ஸுக்குத் தோன்றியது. பல திங்கள்வரை காலைதோறும் வயிற்றில் கலக்கத்தோடு கண்விழித்தார். தாயார் எப்போதும் மலர்ந்த முகத்தினர். அவர் மகிழ்ச்சியைக் கலைக்கக்கூடாதென்று தம் நிலையை அவரிடம் மறைத்தார். தந்தைக்கு இங்கிலாந்தில் நேர்ந்தது மகனுக்கு அமெரிக்காவில் நேர்ந்தது.

மருத்துவர் என்ற முறையில் அந்நோயாளியைப் பார்த்தபோது அவன் ஒரு நோயின் எடுத்துக்காட்டு. அந்தி வேளையில் அவன் இவராகவே இருந்தான். என் ஏட்டில் விடுபட்டுப் போனதும் இதுதான்.

அவரைக் கைதூக்கிவிட்டது மருந்தன்று, ஒரு தத்துவ நூல். ரெனூவியே என்னும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் விருப்ப உரிமையைப் பற்றி எழுதிய கட்டுரையை ஜேம்ஸ் படித்தார். வேறு எண்ணங்களை எண்ண முடிந்தும், ஓர் எண்ணத்தை நானே தேர்ந்து நிலைநிறுத்துகிறேன் என்றால் அதுவே என் உரிமை என்பது அவர் அதிலிருந்து பெற்ற கருத்து. 1870 ஏப்ரல் 30ஆம் நாள் நாட்குறிப்பில் ஒரு முடிவெழுதினார்: விருப்ப உரிமை உண்டென்று அடுத்த ஆண்டுவரை கொள்வது, அவ்வுரிமையின் முதற் செயலாக, அது உண்டு என்றே நம்புவது. காலக்கெடு வைத்துக்கொண்ட நம்பிக்கை! ஆய்வுக்கூடத்தில் பயின்றவரின் பழக்கம் இங்கும் விடவில்லை. ஒரு கருத்து மெய்யா பொய்யா என்பதை, அதனை ஏற்று வாழ்ந்து பார்த்துக் காண வேண்டும் என்ற அவருடைய பிற்காலத் தத்துவம் முழுவதும் இந்த ஒரு நாளின் விரிவே என்று கருதுகிறேன். உடனே நலம் பெற்றுவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். சோர்வு வாழ்நாள் முழுதும் வந்து வந்து போயிற்று.

1872இல் அவருடைய பழைய வேதியியல் ஆசிரியர் எலியட், அப்போது ஹார்வர்டின் தலைவர், அவரை உடலியல் கற்பிக்க அமர்த்தினார். 1875இல் உடலியலுக்கும் உளவியலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கினார். அதற்குமுன் உளவியல் என்ற பெயரில் ஒரு வகுப்பைக்கூட அவர் கேட்டதில்லை. தாம் கேட்ட முதல் உளவியல் சொற்பொழிவு தாம் ஆற்றியதே என்று அவரே நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. 1878இல் ஆலிஸ் கிப்பன்ஸ் அம்மையாரை மணந்தார். அதே ஆண்டில் உளவியல் பாடநூல் ஒன்றை எழுதித் தருவதாகப் பதிப்பாளருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். இரண்டு ஆண்டுகளில் முடிப்பதாக எண்ணம். முடிந்ததோ பன்னிரண்டு ஆண்டுகளில். ‘உளவியல் கோட்பாடுகள்’ என்னும் அப்பெருநூல் 1890இல் இரண்டு தொகுதிகளாக, ஏறத்தாழ 1,400 பக்கங்களில் வெளிவந்தது. 1892இல் வந்த சுருக்கத்தை மாணவர்கள் ஜிம்மி என்று செல்லமாக அழைத்தனராம். பெரிய நூலுக்குப் பெயர் ஜேம்ஸ்.

அந்நூலில் பழக்கத்தைப் பற்றிய இயல் பெரும்புகழ் பெற்றது. நரம்பு மண்டலத்தில் ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழும்போது அதற்கொரு தடம் விழுகிறது. தண்ணீர் வெட்டிய வாய்க்கால் வழியே அடுத்த தண்ணீரும் ஓடுவது போல. ஆகவே முப்பது வயதுக்குள் பெரும்பாலோர் குணம் இறுகிவிடும் என்றார். இதில் எனக்கு உடன்பாடில்லை. முப்பதாம் வயதில் அவருக்கே வேலை கிடைத்தது, முப்பத்தாறில் திருமணம், நாற்பத்தெட்டில் முதற்பெருநூல். பிறருக்கு விதித்த வயது வரம்பை அவர் வாழ்க்கை மதிக்கவில்லை.

உணர்ச்சியைப் பற்றி 1884இல் அவர் வெளியிட்ட கருத்து இன்னும் வகுப்பறைகளில் விவாதத்திற்கு உரியது. வரப்பில் பாம்பைக் காண்கிறோம், அஞ்சுகிறோம், அதனால் நெஞ்சு படபடக்கிறது. இதுவே நாம் கொள்ளும் வரிசை. ஜேம்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். கண்டவுடன் உடல் துள்ளுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அந்த உடல் மாற்றங்களை நாம் உணர்வதுதான் அச்சம். டென்மார்க் நாட்டு மருத்துவர் லாங்கெ 1885இல் இதையொத்த கருத்தைக் கூறியமையால் இருவர் பெயராலும் இக்கோட்பாடு வழங்குகிறது. 1927இல் வால்ட்டர் கேனன் இதனை வன்மையாக மறுத்தார்: வெவ்வேறு உணர்ச்சிகளில் உடல் மாற்றங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன, உள்ளுறுப்புகளும் மெல்லவே இயங்குகின்றன என்பன அவர் காட்டிய காரணங்கள். கோட்பாடு அப்படியே நிற்கவில்லை. ஆனால் உடலை விட்டுவிட்டு உணர்ச்சியைப் பேச முடியாது என்ற நிலையை ஜேம்ஸ் உண்டாக்கிவிட்டார்.

எனினும் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு பகுதி. உளவியலாருக்கே உரிய தவறு என்று ஒன்றை ஜேம்ஸ் சுட்டுகிறார். ஆராய்பவன், தான் வெளியே நின்று காண்பதையே, ஆராயப்படுபவனும் உள்ளே உணர்கிறான் என்று கொண்டுவிடுவதுதான் அத்தவறு. இதைப் படித்த இரவு என் ஏட்டில் 17ஆம் பக்கத்தைத் திறந்து என்னைப் பற்றி எழுத முயன்றேன். அகமுகத்தான் என்று எழுதினேன். ஆனால் ஊரில் நண்பர்களோடு இருக்கையில் அப்படி இல்லையே என்று அடுத்த வரி வந்தது. சோம்பல் உடையவன் என்றேன். ஆனால் விருப்பமான வேலையில் விடியும்வரை விழித்திருப்பேனே. என் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ‘ஆனால்’ வேண்டியிருந்தது. மற்ற 16 பக்கங்களில் ஓர் ‘ஆனால்’கூட இல்லை. ஒருவனை அறிந்தவர் எத்தனை பேரோ அத்தனை சமூகத் தன்மைகள் அவனுக்கு உண்டு என்று ஜேம்ஸ் அதே நூலில் எழுதியிருப்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன்.

இத்துணை அறிந்த ஜேம்ஸும் தம் உடன்பிறந்தாளை முழுதும் அறிந்தாரா? தங்கை ஆலிஸ் இளம்பருவம் முதல் நோயாளி. உடலில் குறை இன்னதென்று காணமாட்டாத மருத்துவர்கள், நரம்புத் தளர்ச்சி என்றும் முதுகுத்தண்டு நோய் என்றும் உள்ளடங்கிய வாதம் என்றும் ஆளுக்கொரு பெயரிட்டனர். 1891இல் மார்பில் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டபோது அவர் அடைந்தது ஒருவகை நிம்மதி! தொட்டுக் காட்டக்கூடிய நோய் ஒன்று தமக்கு இருப்பதாக உலகம் ஒப்புக்கொண்டதே என்ற நிம்மதி. 1892இல் இங்கிலாந்தில் அவர் மறைந்தார். அவர் எழுதி வந்த நாட்குறிப்பு 1894இல் நான்கே படிகளாக அச்சிடப்பட்டுத் தமையனாரின் கைக்கு வந்தது. எள்ளலும் கூர்மையும் அச்சமின்மையும் நிறைந்த அவ்வெழுத்தைப் படித்து வில்லியம் மலைத்துப்போனார். இவ்வளவு ஆற்றலுக்கு வெளியேற ஒரு வழியும் இல்லாமற் போனதே என்று வருந்தினார். அமெரிக்காவின் தலைசிறந்த உளவியலறிஞர் தம் தங்கையைப் புரிந்துகொள்ள அவருடைய நாட்குறிப்பு வேண்டியிருந்தது. அதுவும் காலங்கடந்து வந்தது.

1899இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, மனிதரிடம் உள்ள ஒருவகைக் குருட்டுத்தன்மையைப் பற்றியது. அதில் தாம் செய்த பிழை ஒன்றையே முதன்மையாக எடுத்துக்காட்டுகிறார். வட கரோலினா மலைகளில் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். வழிநெடுகக் காட்டை அழித்த சிறு வெளிகள். வெட்டிக் கருக்கிய மரங்களின் அடிக்கட்டைகள், கோணல்மாணலான வேலி, மண் பூசிய குடில், இடையிடையே கொஞ்சம் சோளம். கண்ணுக்கினிய காட்டை இப்படிப் பாழாக்கினார்களே என்று அவர் மனம் வெதும்பியது. வண்டியோட்டிய மலைவாழ்நரிடம் இதைப்பற்றி வினவியபோது, இத்தகைய வெளி ஒன்றைத் திருத்திப் பயிரிட்டால்தான் இங்குள்ள எங்களுக்கு மகிழ்ச்சி என்ற கருத்தில் அவர் விடை சொன்னார். தமக்கு அருவருப்பாகத் தெரிந்த ஒவ்வோர் அடிக்கட்டையும் அவர்களுக்கு வியர்வையின் வெற்றி என்று ஜேம்ஸ் உடனே உணர்ந்தார். அவர்கள் ஹார்வர்டுக்கு வந்து இவர் எழுதுவதைக் கண்டால் அவர்களுக்கும் இவர் வாழ்க்கை விளங்காது என்பதையும் சேர்த்தே எழுதினார். இந்த இடத்தில் நுண்கருவியும் இல்லை, கோட்பாடும் இல்லை. கேட்டார், சொன்னார்கள், திருத்திக்கொண்டார்.

ஆசிரியராக அவர் எப்படி? 1890இல் மேரி கால்கின்ஸ் என்னும் பெண்மணி அவருடைய ஆய்வு வகுப்பில் அமர இசைவு பெற்றார். ஆண்களுக்கே உரிய கல்லூரி அது. மற்ற மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகிவிட, கணப்பின் இருபுறமும் ஆசிரியரும் மாணவியும் மட்டும் அமர்ந்து பாடம் நடந்தது. 1895இல் முனைவர் பட்டத்திற்குரிய தேர்வைக் கால்கின்ஸ் மிகச் சிறப்பாக எழுதினார். ஜேம்ஸ் வியந்து பாராட்டியும், பெண் என்பதால் ஹார்வர்டு பட்டம் வழங்க மறுத்தது. 1905இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைமையை ஏற்ற முதற்பெண்மணி அவரே. கறுப்பின மக்களின் தலைவராகப் பின்னர் விளங்கிய டுபாய்ஸும் ஜேம்ஸின் மாணவர்; ஆசிரியர் இல்லத்தில் அடிக்கடி விருந்தினர். தார்ன்டைக் என்ற மாணவர் கோழிக்குஞ்சுகளை வைத்து ஆய்வு செய்ய இடமின்றித் தவித்தபோது, ஜேம்ஸ் தம் வீட்டு நிலவறையையே திறந்துவிட்டார். வீட்டம்மையார் என்ன சொன்னாரோ தெரியாது, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் ஜேம்ஸ் ஆற்றிய சொற்பொழிவுகள் ‘சமய அனுபவத்தின் வகைகள்’ என்னும் நூலாயின. ஓர் அடியாரின் பரவசத்தை வலிப்பு நோய் என்றும் இன்னொருவரின் துறவை வயிற்றுக்கோளாறு என்றும் சொல்லி முடித்துவிடும் மருத்துவப் போக்கை அதில் கடுமையாகச் சாடுகிறார். உடற்காரணம் எல்லா எண்ணத்திற்கும் உண்டு; மறுப்பவரின் மறுப்புக்கும் உண்டு. ஆகவே ஓர் எண்ணத்தின் மதிப்பை அதன் பிறப்பிடத்தைக் கொண்டு அளக்கலாகாது, வாழ்வில் அது தரும் பயனைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். மருத்துவம் கற்றவரே இதைச் சொன்னது நோக்கத்தக்கது.

நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று உண்டு. சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலியோர் திரட்டிய பொருளும் துணையாக 1893இல் அமெரிக்கா சென்ற விவேகானந்தர், 1896இல் ஹார்வர்டின் தத்துவ மாணவர்கள்முன் உரையாற்றினார். ஜேம்ஸ் அவரைச் சந்தித்தார். அவருடைய இராசயோக நூலிலிருந்து இந்நூலில் எடுத்தாள்கிறார். பின்னர் 1907இல் வெளியான ‘பயன்வழிக் கொள்கை’ நூலில், எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதம் மனத்திற்கு எத்துணை அமைதி தருகிறது என்பதை மதிப்புடன் எடுத்துரைக்கிறார். ஆயினும் அவரால் அதனை ஏற்க முடியவில்லை. பன்மையே அவர் கண்ட உலகம்.

அந்த எடின்பரோச் சொற்பொழிவுகளில், நோயுற்ற உள்ளத்தைப் பற்றிப் பேசுமிடத்தில், பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி அனுப்பியதாக ஓர் அனுபவம் வருகிறது. அந்தி நேரம், இருண்ட அறை, பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கும் இளைஞன். பின்னர் 1904இல் தம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், அது தமக்கே நேர்ந்தது என்று ஜேம்ஸ் ஒப்புக்கொண்டார். நோயாளிகளின் வரலாறுகள் நிறைந்த தம் ஏட்டில் தம்மையும் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். பெயரை மட்டுமே மாற்றியிருந்தார். அறை நண்பனின் கேள்விக்கு முப்பதாண்டுகள் மனத்தில் சுமந்து அவர் சொன்ன விடையாகவே இதை நான் படித்தேன்.

1907இல் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றார். 1909 செப்டம்பரில் கிளார்க் பல்கலைக்கழகத்திற்கு வந்திருந்த பிராய்டைக் காண ஒருநாள் சென்றார். இருவரும் நடந்துகொண்டிருந்தபோது ஜேம்ஸுக்கு நெஞ்சுவலி கண்டது. கையிலிருந்த பையைப் பிராய்டிடம் கொடுத்து, முன்னே நடங்கள், வலி அடங்கியதும் வந்து சேர்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். அந்த அஞ்சாமை தமக்கும் வாய்க்க வேண்டுமென்று பிராய்ட் தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். பிராய்டின் கொள்கையில் ஒரே கருத்தைப் பற்றிக்கொள்ளும் பிடிவாதத்தை ஜேம்ஸ் கண்டார். ஆயினும் அக்கொள்கையினர் அதனை எல்லைவரை கொண்டுசென்று பார்க்கட்டும் என்றே விரும்பினார்.

அடுத்த ஆண்டு ஐரோப்பா சென்று சிகிச்சை பெற்றும் பயனின்றித் திரும்பினார். நியூ ஹாம்ப்ஷயரில் சொக்கோருவா என்னும் சிற்றூரில் இருந்த தம் கோடைகால இல்லத்தில், 1910 ஆகஸ்டு 26ஆம் நாள், மனைவியின் கைகளில் உயிர் நீத்தார். தத்துவத்தைத் தொடங்குவோருக்கென அவர் எழுதிக்கொண்டிருந்த பாடநூல் பாதியில் நின்றது. அதனை அச்சிடுவதாயின், இது முற்றுப்பெறாதது, திருத்தப்படாதது என்று சொல்லிவிட வேண்டும் என இறப்பதற்கு ஒரு திங்களுக்கு முன்பே குறிப்பெழுதி வைத்திருந்தார். 1911இல் நூல் அவ்வாறே வெளிவந்தது.